புகையால் சுழலும் சக்கரம்

மோட்டார் வண்டியின் பின்புறக் குழாயிலிருந்து புகை வரக் கண்டால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். ஆனால் விலை கொடுத்து வாங்கிய பெற்றோலிலுள்ள சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அந்தப் புகையோடுதான் போய்விடுகின்றது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இன்னொரு பங்கு எஞ்சினைச் சுற்றியோடும் நீரைச் சூடாக்குவதிலே கழிகின்றது. வண்டியை ஓட்டுவதற்கு எஞ்சுவது மிச்சமுள்ள பங்கு மட்டுமே. இவ்விழப்பைக் கண்டு மனம் பொறாதவர் ஒருவர் சுவிற்சர்லாந்து நாட்டிலே இருந்தார். அல்பிரட் பூக்கி என்பது அவர் பெயர். வீணே போகும் புகையை வேலை வாங்கும் வழியொன்றுக்கு அவர் 1905ஆம் ஆண்டிலே ஜெர்மனியிற் காப்புரிமை பெற்றார்.

கொல்லன் உலைக்களத்தை அறிந்த நேயர்களுக்கு அவர் கருத்தை விளக்குதல் எளிது. துருத்தியை ஊதினால் கரி நன்கு எரியும், அனல் மிகும். எஞ்சினும் அத்தகையதே. உருளைக்குள் அதிகக் காற்றைப் புகுத்தினால் அதிக எரிபொருளை எரிக்கலாம். அதிக வலுவைப் பெறலாம். ஆனால் துருத்தியை ஊத ஒரு கை வேண்டுமன்றோ? அந்தக் கையாகப் புகையையே அமர்த்தினார் பூக்கி. வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் புதுக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். இன்று டர்போசார்ஜர் என்று நாம் வழங்குவது இதனையே.

கருத்து எளியது, காரியம் எளியதன்று. சைக்கிளுக்குக் காற்றடித்த சிறுவன் எவனும் பம்பின் அடிப்பாகம் சுடுவதை அறிவான். காற்றை அமுக்கினால் அது சூடாகும். 30 பாகை வெப்பமுள்ள காற்றை இரு மடங்கு அமுக்கத்துக்குக் கொண்டுவந்தால், சாதாரணமான டர்போவிலே அதன் வெப்பநிலை 120 பாகையை எட்டிவிடும். சூடேறிய காற்று விரியுமாதலால், இரு மடங்கு காற்றை எதிர்பார்த்தவனுக்குக் கிடைப்பது ஒன்றரை மடங்கே. நட்டம் அவ்வளவோடு நின்றாற் பொறுக்கலாம். சூடான காற்றிற் கலந்த பெற்றோல், பிளக்கு மூட்டிய தீ வந்து சேருமுன்னரே உருளையின் ஓரத்திலே தானாக வெடிக்கின்றது. எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை எழுகின்றது. மெக்கானிக்குகள் இதை ‘நொக்கிங்’ என்பர். இந்த அடியைத் தொடர்ந்து வாங்கிய பிஸ்டன் துளைபட்டுப்போவதும் உண்டு.

டீசல் எஞ்சினுக்கு இத்தொல்லை இல்லை. அது வெறுங்காற்றையே அமுக்குவது. அதன் புகையும் பெற்றோல் எஞ்சினின் புகையைப் போல் அத்தனை கொதிப்புடையதன்று. ஆகவேதான் பூக்கியின் முதல் வெற்றிகள் கப்பல்களிலே கிட்டின. 1920களில் ஜெர்மனியின் இரு பயணிகள் கப்பல்களிலே இம்முறையைக் கையாண்டபோது எஞ்சினின் திறன் 1,750 குதிரைவலுவிலிருந்து 2,500ஆக உயர்ந்தது.

பெற்றோல் எஞ்சினுக்கு டர்போ தேவைப்பட்டது முதலில் வானத்திலே. மேலே செல்லச் செல்லக் காற்று ஐதாகும். விமானத்தின் வலுவும் குன்றும். அமெரிக்க ஜெனரல் எலெக்றிக் கொம்பனியைச் சேர்ந்த சான்போர்ட் மொஸ் என்பவர் இதற்கு மாற்றுக் கண்டிருந்தார். அதைச் சோதிக்க உயரமான இடம் வேண்டும். 1918ஆம் ஆண்டிலே லிபர்ட்டி என்னும் விமான எஞ்சினொன்றை வண்டியிலேற்றி, கொலராடோ மாநிலத்திலுள்ள 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கே கொண்டுபோய்விட்டனர். கடல்மட்டத்திலே 350 குதிரைவலு தந்த அந்த எஞ்சின் மலையுச்சியிலே 230தான் தந்தது. டர்போவைப் பூட்டியதும் 356! கணக்கை மட்டும் நம்பியிராது எஞ்சினை மலைமீது சுமந்து சென்றார்களே, அந்தப் பிடிவாதத்தை நான் மிகவும் மெச்சுகிறேன்.

வலு மிக, வால்வுகள் வெந்தன. புகை வெளியேறும் வாயிலிலுள்ள வால்வு செந்தணலாகக் கனன்று, வளைந்தோ எரிந்தோ போயிற்று. 1920களில் அமெரிக்காவிலே பணியாற்றிய சாமுவேல் ஹெரன் என்னும் ஆங்கிலேயர், வால்வின் தண்டைக் குடைந்து அதனுள்ளே சோடியம் என்னும் உலோகத்தைப் பாதியளவு இட்டு மூடினார். சோடியம் 98 பாகையிலே உருகிவிடும். வால்வு மேலுங்கீழும் ஆடும்போது உருகிய உலோகமும் உள்ளே குலுங்கி, தலைப்பாகத்து வெப்பத்தை அள்ளித் தண்டின் அடியிலே கொட்டும். பின்னர் வந்த பி-17 போன்ற குண்டுவீச்சு விமானங்களிலே புகைச் சக்கரத்தை வெளிக்காற்று படுமாறு எஞ்சின் கூட்டின் அடியிலே வைத்தனர். அமுக்கிய காற்றைக் குளிர்விக்க ‘இன்டர்கூலர்’ என்னும் காற்றுக் குளிரூட்டியையும் பொருத்தினர். உறைபனியை ஒத்த காற்று வேகமாக வீசும் வானத்திலே இது இலகுவாயிற்று. மோட்டார்க் காருக்குள்ளே அத்தனை இடமும் இல்லை, அத்தகைய குளிரும் இல்லை.

காருக்கு டர்போ வந்தது 1962ஆம் ஆண்டிலே. அமெரிக்காவின் செவர்லே கொர்வெயார் வண்டியும் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் வண்டியும் அவ்வாண்டிலேயே வெளிவந்தன. இரண்டிலே ஜெட்பயரின் கதைதான் சுவையானது. டர்போ எஞ்சினிலே நொக்கிங்கைத் தவிர்க்க, உருளையின் அமுக்க விகிதத்தைக் குறைப்பதே பொதுவான வழி. அவ்வாறு குறைத்தால் டர்போ விழித்துக்கொள்ளும்வரை வண்டி சோம்பிக் கிடக்கும். ஜெட்பயரை அமைத்தவர்களோ 10.25க்கு 1 என்ற உயர்ந்த விகிதத்தைத் துணிந்து வைத்துக்கொண்டனர். வெப்பத்தைத் தணிக்க, மெதனோலும் நீரும் கலந்த திரவமொன்றைக் காற்றோடு தெளித்தனர். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுமல்லவா? 3.5 லீற்றர் எஞ்சின் 215 குதிரைவலு தந்தது. திரவத்துக்கு ‘டர்போ றொக்கட்’ என்று ஆரவாரமான பெயரும் சூட்டினர்.

ஆனால் அத்திரவத்தை வண்டிக்காரர்தாம் நினைவாக ஊற்றிவர வேண்டும். பலர் மறந்தனர். தொட்டி வெறுமையானதும், எஞ்சினைக் காக்கும் பொருட்டு ஒரு தடுப்பு மூடிக்கொள்ள, வண்டியின் வலு குன்றியது. வேகத்துக்காகப் பணம் கொடுத்தவர்கள் முறையிட்டனர். டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்பரேற்றர் பூட்டிக்கொண்டவர்களும் பலர். இரண்டாண்டுகளில் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான வண்டிகளோடு உற்பத்தி நின்றது. பௌதிக விதியிலே பிழையில்லை. மனிதரின் ஞாபகசக்தியை ஓர் எஞ்சின் உறுப்பாகக் கணக்கிட்டதுதான் பிழை என்பேன்.

ஜெர்மனியின் போர்ஷ நிறுவனத்தார் மறுவழியிலே சென்றனர். பந்தயக் கார்களிலே டர்போவைக் கையாண்டு தேறியபின், 1974ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலே 911 டர்போவை வைத்தனர். அதன் அமுக்க விகிதம் 6.5தான். எஞ்சின் உயிர் தப்பியது. ஆனால் தாழ்ந்த வேகத்திலே உறங்கிக் கிடந்து, திடீரென 260 குதிரைவலுவும் பொங்கி எழும். வளைவிலே அது நிகழ்ந்தால் ஓட்டுநர் பாடு திண்டாட்டமே. சில ஆண்டுகளின் பின் எஞ்சினை 3.3 லீற்றராக்கியபோது இன்டர்கூலரைச் சேர்த்தனர். எங்கே வைப்பது? பின்புற எஞ்சினுக்கு மேல், காற்று படும் வால்தட்டிலே வைத்தனர். அதற்கென்றே அத்தட்டின் உருவம் மாறிற்று. காற்றுக் குளிர்ந்ததும் விகிதத்தை 7ஆக உயர்த்த முடிந்தது. வலுவும் 300 ஆயிற்று.

பிரான்சின் ரெனோ நிறுவனம் 1977ஆம் ஆண்டிலே 1.5 லீற்றர் டர்போ எஞ்சினோடு போர்மியுலா வண் பந்தயத்தில் இறங்கியது. முதற் பந்தயத்திலேயே டர்போ பழுதாகி வண்டி நின்றது. மஞ்சள் நிற வண்டி அடிக்கடி புகை கக்கி நின்றமையால் ‘மஞ்சள் தேநீர்க்கேத்தல்’ என்று எள்ளி நகையாடினர். 1979இல் ஒரு பெரிய டர்போவை நீக்கி இரு சிறிய டர்போக்களைப் பூட்டினர். சிறிய சக்கரம் விரைவிலே வேகமெடுக்கும். அவ்வாண்டு யூலை 1ஆந் திகதி டிஜோன் நகரிலே ஜபூயி வெற்றி பெற்றபின் எள்ளியவர்களும் டர்போவைத் தேடத் தலைப்பட்டனர்.

சாதாரண மனிதரின் வண்டிக்கு இக்கருவியைப் பழக்கிய பெருமை சுவீடனின் சாப் நிறுவனத்தையே சாரும் என்பது என் துணிபு. 1977இல் காட்டப்பட்ட சாப் 99 டர்போவிலே சிறிய சக்கரத்தையே தெரிந்தெடுத்தனர். அமுக்கம் மிகும்போது புகையில் ஒரு பகுதியைச் சக்கரத்துக்குப் போகவிடாது திருப்பிவிடும் ‘வேஸ்ட்கேட்’ என்னும் வாயிலும் இருந்தது. உச்ச வலுவை விட்டுக்கொடுத்து, அன்றாடம் பயன்படும் வலுவைப் பெற்றனர். 1980களின் தொடக்கத்திலே நொக்கிங் ஓசையைக் கேட்டுணரும் கருவியையும் சேர்த்தனர். ஓசை தொடங்கியதும் அமுக்கம் தானாகத் தணியும். வண்டிக்காரர் எதையும் நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு வெப்பமும் இருந்தது. நிமிடத்துக்கு ஓரிலட்சம் முறைக்கு மேற் சுழலும் தண்டை எண்ணெயே தாங்குகின்றது. வேகமாக ஓடி வந்த வண்டியை உடனே நிறுத்தினால் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும். புகைச் சக்கரத்தின் கொதிப்பு தண்டுவழியே பரவி, தேங்கிய எண்ணெயைக் கரியாக்கிவிடும். இதனாலேயே, நிறுத்துமுன் ஓரிரு நிமிடம் எஞ்சினை வெறுமனே ஓடவிடுமாறு பழைய டர்போ வண்டிக்காரர்களுக்கு அறிவுறுத்தினர். 1980கள் தொட்டு அந்தத் தண்டைச் சுற்றி நீரையும் ஓடவிட்டனர். இக்காலத்து டர்போக் கார்கள் சிலவற்றிலே, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்த பின்னரும் முன்புறத்திலே விசிறியோ சிறு பம்பொன்றோ சில நிமிடம் இரைந்துகொண்டிருப்பதை நேயர்கள் கேட்டிருக்கலாம். அது அந்தச் சிறு சக்கரத்தின் சூட்டைத் தணித்துக்கொண்டிருக்கும் ஓசை.