தனிக்கருவி தேவையா? கொச்சி அச்சுக்கூடமும் ஆறு அங்குலத் திரையும்

கிண்டில் போன்ற மின்வாசிப்பான் ஒன்றை வாங்கலாமா, கையிலிருக்கும் கைப்பேசியும் மடிக்கணினியும் போதுமா? இந்தக் கல்வியாண்டில் இக்கேள்வியை என்னிடம் கேட்ட முதுகலை மாணவர்கள் ஒருவர் இருவர் அல்லர். உதவித்தொகை உரிய தேதியில் வந்து சேரும் என்று நம்பி எந்த ஆய்வு மாணவரும் செலவு செய்வதில்லை. ஆகவே இது சிறிய முடிவு அன்று. இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகளோ பெரும்பாலும் ஆங்கில நூல்களைப் படிப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. மின்கலம் எத்தனை நாள் தாங்கும், திரை கண்ணை உறுத்துமா என்பவற்றை அவை நன்றாகவே சொல்கின்றன. தமிழ் எழுத்து அத்திரையில் எப்படி நிற்கும், நாம் படிக்க வேண்டிய நூல்கள் எந்த வடிவில் கிடைக்கின்றன என்பவை அவற்றின் கவலை அல்ல.

ஏலூரில் தங்கி மட்டாஞ்சேரிக்கும் கோட்டைக் கொச்சிக்கும் போய்வரும் எனக்கு இக்கேள்வி வேறொரு வடிவில் பழக்கமானது. ஒரு மொழிக்கென்று தனிக்கருவி செய்வதா, இருக்கும் கருவிக்குள் அம்மொழியைத் திணிப்பதா என்ற கேள்வியை 16ஆம் நூற்றாண்டில் இக்கடற்கரை நேராகவே எதிர்கொண்டது. அன்று அதற்கு மூன்று விடைகள் கிடைத்தன. மூன்றும் இன்றும் நம்மிடையே உயிரோடு இருக்கின்றன.

முதல் விடை லிஸ்பனிலிருந்து வந்தது. 1554இல் அங்கு அச்சான ‘கார்த்தில்யா’ தமிழ் மொழியில் அமைந்த நூல். ஆனால் அதில் ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது. தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் கோக்கப்பட்டன. போர்த்துக்கீசியப் பொருள் உடன் வந்தது. தனிநாயகம் அடிகள் 1950களில் அந்நூலை லிஸ்பனில் கண்டு தமிழுலகுக்கு அறிமுகப்படுத்தினார். அச்சகத்தின் நோக்கில் இது மிக மலிவான வழி: புதிய வார்ப்பு வேண்டாம், புதிய அச்சுக்கோப்பவரும் வேண்டாம். விலையைக் கொடுத்தது மொழி. ல, ள, ழ மூன்றுக்கும், ந, ன, ண மூன்றுக்கும் ரோமன் எழுத்துப் பெட்டியில் தனித்தனி அறைகள் இல்லை. அவ்வொலிகளை முன்பே அறிந்தவர் மட்டுமே அந்நூலைத் திருத்தமாகப் படிக்க முடியும். அவருக்கோ அந்நூல் தேவையே இல்லை. கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்யும் நம் தலைமுறைக்கு இவ்வேடிக்கை நன்கு விளங்கும்.

இரண்டாவது விடை தனிக்கருவி. 1577இல் கோவாவில் ஜோவான் கொன்சால்வசு தமிழெழுத்து வார்த்தார். அதில் நிறைவு கிட்டாததால் 1578இல் கொல்லத்தில் ஜோவான் டி ஃபாரியா வேறொரு வார்ப்பைச் செய்தார். அவ்வாண்டு அக்டோபரில் அன்றிக் அடிகள் எனப்படும் என்றீக்கே என்றீக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வெளிவந்தது. 16 பக்கமே கொண்ட சிறு நூல். அடுத்த ஆண்டு, 1579இல், அதைவிடப் பல மடங்கு பெரிய ‘கிரீசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்திய மண்ணில் முதன்முதலாக அச்சேறிய நூல்கள் இன்றைய கேரளத்தில் தோன்றின, அவற்றின் மொழி தமிழ் என்ற செய்தியை இரு மாநிலத்தாரும் அவ்வப்போது மறந்துவிடுகிறோம். தலைப்புப் பக்கம் அம்மொழியை ‘மலவார் தமிழ்’ என்று குறிக்கிறது. இன்றைய எல்லைக்கோட்டை அன்றைய அச்சுக்கோப்பவர் மேல் சுமத்துவது பொருந்தாது.

வார்ப்புச் செலவுக்கு முத்துக்குளித்துறை மக்கள் பணம் கொடுத்தார்கள். அப்பணம் எதற்கெல்லாம் போயிருக்கும் என்று கணக்கிட்டால் தமிழுக்குத் தனிக்கருவி என்பதன் பொருள் விளங்கும். ஆ, இ, எ, ஐ வரிசைகளில் பெரும்பாலானவற்றைத் துணைக்குறிகளைக் கொண்டு சமாளிக்கலாம். ஆனால் உகர ஊகார வரிசைகளில் ஒவ்வொரு மெய்க்கும் வடிவம் மாறுகிறது. 18 மெய்க்கு 36 தனி அச்சுகள். அதற்குமேல் 1978 எழுத்துச் சீர்திருத்தம் வரை நாம் எழுதிய பழைய ணை, லை, றா, னா முதலிய கூட்டு வடிவங்கள். மறுபுறம், சில இடங்களில் செலவு குறைந்தது. அந்நூல்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடவில்லை. காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம். இது அச்சுக்கூடத்தின் சிக்கனம் அன்று, ஓலைச்சுவடியின் பழக்கம். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் விடப்பட்ட புள்ளி, கிழியும் அச்சமே இல்லாத தாளிலும் விடுபட்டே நின்றது. புதிய கருவி பழைய கருவியின் வழக்கத்தைக் காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அந்தத் தனிக்கருவியின் முடிவையும் பார்க்க வேண்டும். 1586இல் புன்னைக்காயலில் ‘அடியார் வரலாறு’ அச்சான பிறகு முயற்சி தளர்ந்தது. 1600இல் அன்றிக் அடிகள் மறைந்தார். 1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபின் நகரத்தின் கத்தோலிக்கக் கட்டடங்களில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. 1670களில் அம்பலக்காட்டில் ஏசுசபையார் மீண்டும் தமிழ் அச்சிட முனைந்தபோது பழைய வார்ப்புகள் கைகொடுக்கவில்லை. இஞ்ஞாசி ஆய்ச்சாமணி என்பவர் மரத்தில் எழுத்துகளைச் செதுக்கினார். நூறாண்டு கழித்துத் தொழில் முதலிலிருந்து தொடங்கியது. அவ்வெழுத்துகளால் 1679இல் அச்சான புரோயன்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை நாம் இன்று பார்க்க முடிவதற்குக் காரணம், அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் தங்கியிருந்ததும், தனிநாயகம் அடிகள் 1966இல் கோலாலம்பூரில் அதை நிழற்பதிப்பாக வெளியிட்டதும்தான். ‘தம்பிரான் வணக்கம்’ ஹார்வர்டில் இருக்கிறது. கருவிகள் இருந்த ஊரில் கருவியும் இல்லை, நூலும் இல்லை. ஊரைவிட்டு வெளியேறிய படிகளே எஞ்சின.

மூன்றாவது விடையும் கொச்சியைச் சேர்ந்ததே. டச்சு ஆளுநர் வான் ரீடு இங்கிருந்தபடி திரட்டிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. தாவரப் பெயர்கள் மலையாள எழுத்திலும் அரபியிலும் நாகரியிலும் வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் மலையாள வார்ப்பு இல்லை. எனவே எழுத்தைப் படமாக்கினார்கள்: செடியின் ஓவியத்தோடு பெயரும் செப்புத்தகட்டில் செதுக்கப்பட்டது. முதல் தொகுதியின் முகப்பில் இட்டி அச்சுதன் வைத்தியரின் கோலெழுத்துச் சான்றுரையும் அவ்வாறே பொறிக்கப்பட்டிருக்கிறது. எழுத்து அப்படியே வருகிறது. கையெழுத்தின் நெளிவுகூட வருகிறது. ஆனால் அதை எடுத்து வேறொரு சொல்லைக் கோக்க முடியாது. மட்டாஞ்சேரி யூதர்களின் வழிபாட்டு நூல்கள் 18ஆம் நூற்றாண்டில் அதே ஆம்ஸ்டர்டாமில் இத்தொல்லை எதுவுமின்றி அச்சாயின. எபிரேய வார்ப்பு அங்கு ஏற்கெனவே இருந்தது. வார்ப்புள்ள மொழிக்கும் வார்ப்பில்லாத மொழிக்கும் இடையிலான தொலைவு கடல் தொலைவைவிடப் பெரியது.

இனி நம் காலம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கியது. அந்நாளில் ஒரு நூலைப் படிக்க அதற்குரிய எழுத்துரு நம் கணினியில் இருந்தாக வேண்டும். 1999இல் வந்த டிஸ்கி, டேப், டேம் ஆகிய குறியீடுகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமித்தவை: ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். இது கொல்லத்து அச்சுக்கோப்பவர் கைவைத்த வரிசையேதான். யூனிகோடு இதைத் தலைகீழாக்கியது. ஒலி வரிசையில் ககரத்தை முதலில் வைத்து, கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் பொறுப்பைக் கருவியிடம் ஒப்படைத்தது. மொழியியல் மாணவன் என்ற முறையில் இதுவே சரியான முடிவு என்று கருதுகிறேன். தேடலுக்கும் அகரவரிசைக்கும் சொற்பகுப்புக்கும் இதனால்தான் வழி பிறந்தது. ஆனால் அப்பொறுப்பை ஏற்காத கருவியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கிண்டில் 2007 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது; தமிழ், மலையாளம் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்களை அமேசான் அதில் விற்கத் தொடங்கியது 2016 டிசம்பரில். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் தமிழ் வாசகர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குச் சான்று ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நூலுக்கும் ஈபப், மோபி ஆகியவற்றோடு ‘6 அங்குல பிடிஎஃப்’ என்று ஒரு கோப்பும் அங்கே உண்டு. கருவிக்குத் தமிழ் தெரியாவிட்டால் எழுத்துருவையும் பக்கத்தையும் உறையவைத்துக் கொடுத்துவிடலாம். வான் ரீடின் செப்புத்தகடு!

இனி வாங்கும் முடிவு. அது கருவியின் தரத்தைவிட உங்கள் நூற்பட்டியலையே அதிகம் சார்ந்தது. தமிழிணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் நூலகம் தளத்திலும் நாம் தரவிறக்கும் பழைய நூல்களும் இதழ்களும் பெரும்பாலும் வருடிய படங்கள். ஆறு அங்குலத் திரை என்பது ஏறத்தாழ 9 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் கொண்டது. டெம்மி அளவுப் பக்கமோ 14 செ.மீ.க்கு 21.5 செ.மீ. முழுப்பக்கத்தையும் அதில் அடக்கினால் 10 பாயிண்ட் எழுத்து 6 பாயிண்டுக்கும் கீழே இறங்கும். அடிக்குறிப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். பெரிதாக்கி நகர்த்திப் படிக்கலாமே என்பர். மின்மைத் திரை ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். நான்கு பக்கத்தில் பொறுமை தீர்ந்துவிடும். பழைய அச்சு நூல்களை வைத்து ஆய்வு செய்பவர் ஆறு அங்குல மின்வாசிப்பான் வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து. பத்து அங்குல மின்மைக் கருவிகள் உண்டு. அவற்றின் விலை நம்மைப் போன்றோருக்கானது அன்று. அதே அளவில் பிறர் பயன்படுத்திய டேப்லெட் ஒன்று பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கும். நான் அதையே பயன்படுத்துகிறேன்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். யூனிகோடு பனுவலாகக் கிடைக்கும் நூல்களை, நாவல்களையும் உரைநடையையும் மதுரைத் திட்டத்தின் நீண்ட பனுவல்களையும், முதல் பக்கத்திலிருந்து இறுதிப் பக்கம் வரை படிப்பவருக்கு மின்வாசிப்பானுக்கு இணையான கருவி இல்லை. 2024 மார்ச்சு முதல் ஏலூரிலிருந்து தெற்குச் சிற்றூருக்கு ஓடும் நீர்மெட்ரோவின் கண்ணாடி ஓரத்தில் நடுப்பகலில் அமர்ந்தால் கைப்பேசித் திரையில் என் முகம்தான் தெரிகிறது. மின்மையோ வெயில் ஏற ஏறத் தெளிகிறது. வாட்சப் ஒலிக்காத கருவி என்பதும் சிறிய பேறு அன்று. இத்தகைய மாணவர்கள் மலிவான பழைய மாதிரியை வாங்கினாலே போதும்.

வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கருவி உங்களுடையது, அதில் வாங்கும் நூல் அப்படி அன்று. 2009இல் அமேசான் உரிமைச் சிக்கல் காரணமாக ஆர்வெல் நூல்களை வாசகர்களின் கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. 2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது பணம் திரும்பியது, நூல்கள் மறைந்தன. 2025 பிப்ரவரியில் கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கி, வடம் வழியே கருவிக்கு மாற்றும் வசதியையும் அமேசான் நிறுத்திவிட்டது. ஆய்வேட்டில் மேற்கோள் காட்டப்போகும் நூலை அங்கே வாங்கி வைப்பதை நான் விரும்புவதில்லை. விடுதலையான ஈபப் கோப்பாகக் கிடைப்பதைச் சேமியுங்கள். இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

வாங்குவதற்கு முன் நண்பர் எவரிடமேனும் கருவியை ஒரு நாள் இரவல் கேளுங்கள். மூன்று கோப்புகளை அதில் ஏற்றுங்கள்: வருடிய பழைய நூல் ஒன்று, யூனிகோடு ஈபப் ஒன்று, உங்கள் நெறியாளர் படிக்கச் சொன்ன ஆய்வேட்டின் பிடிஎஃப் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு மணிநேரம் படியுங்கள். ஈபப்பில் ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ ஆகியவை ஒழுங்காக நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரு சொல்லைத் தேடிப்பாருங்கள். வேற்றுமை உருபு ஏறிய வடிவத்தையும் தேடுங்கள். மூன்றில் எந்தக் கோப்பை அந்த ஒரு மணிநேரத்துக்குப் பிறகும் மூட மனம் வரவில்லையோ, அந்த வகைக் கோப்பு உங்கள் நூற்பட்டியலில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டுக் கடைக்குப் போகலாம்.