தவணை தவறிய பெயர்கள்

பழைய வியாபார நிலையங்களின் கடிதத் தாள்களை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். தாளின் தலைப்பிற் கடையின் பெயரும் தெருவின் பெயரும் இருக்கும். ஓர் ஓரத்தில் ‘தந்தி’ என்று குறித்து, அதனருகே ஒரே ஒரு சொல் அச்சிடப்பட்டிருக்கும். தந்தியிலே சொல்லொன்றுக்கு இவ்வளவு எனக் காசு கட்ட வேண்டியிருந்த காலம் அது. ஆதலால், நீண்ட முகவரிக்குப் பதிலாக வணிகர்கள் தபாற் கந்தோரிற் பதிந்து வைத்த சுருக்கப் பெயரே அச்சொல். அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. கட்டணம் செலுத்தும் வரையில் அது அந்த வணிகரைக் குறிக்கும். செலுத்தாது விட்டால் அது அகராதியில் உள்ள மற்றெந்தச் சொல்லையும் போன்றதாகிவிடும்.

அந்தத் தந்திப் பெயரின் பேரப்பிள்ளையைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். இணையத்தளம் வைத்து வணிகம் நடத்துவோர் ‘டொமைன்’ என்று வழங்கும் இணையப் பெயரே அது. “பெயரை வாங்கிவிட்டேன்” என்று அவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் எவரும் அதை வாங்குவதில்லை. ஓராண்டுக்கோ, மிஞ்சினாற் பத்தாண்டுக்கோ குத்தகைக்கு எடுக்கின்றார்கள். காணிக்கு உறுதி இருப்பது போல இதற்கு நிலையான உறுதி கிடையாது. தவணை முடியுமுன் புதுப்பிக்க மறந்தவர்களின் வரலாறு ஒன்று உண்டு. தொடக்கத்தில் அது சிரிப்பை விளைவிக்கும். போகப் போக அச்சத்தையே விளைவிக்கும்.

ஆதியில் இப்பெயர்களுக்கு விலையே இருந்ததில்லை. அமெரிக்காவிற் சில பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சிக் கூடங்களையும் மட்டுமே கணினி வலை இணைத்திருந்த நாளில், எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற அட்டவணை முழுவதும் கலிபோர்னியாவிலிருந்த ஸ்டன்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே ஏடாகப் பேணப்பட்டு வந்தது. கணினிகள் பெருகவே அந்த ஏடு தாங்கவில்லை. 1983 ஆம் ஆண்டிற் போல் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர், பெயர்களைக் கிளை கிளையாகப் பகுத்துப் பல இடங்களில் வைத்துப் பேணும் முறையை வகுத்தார். ‘டொட் கொம்’ என முடியும் முதற் பெயரை 1985 மார்ச் 15 ஆம் நாள் சிம்பொலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் பதிந்தது. நமது நாட்டுக்குரிய ‘டொட் எல்கே’ 1990 இல் வந்தது. ‘இலங்கை’ என்று தமிழெழுத்திலேயே முடியும் பெயர்களுக்கு 2010 இல் வழி பிறந்தது. தமிழாசிரியன் என்ற முறையில் அந்தச் செய்தியை மட்டும் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்கின்றேன்.

1995 செப்டெம்பரில் நிலைமை மாறியது. ‘டொட் கொம்’ முதலிய பெயர்களின் பதிவேட்டை நடத்திய நெட்வேர்க் சொலூஷன்ஸ் நிறுவனம், முதல் இரண்டாண்டுக்கு 100 டொலர், அதன்பின் ஆண்டுக்கு 50 டொலர் எனக் கட்டணம் விதித்தது. 1998 இல் அது 70 ஆகவும் 35 ஆகவும் குறைந்தது. கட்டணம் வந்ததும் தவணை வந்தது. தவணை வந்த பின்பு மறதி வருவதற்கு நெடுநாட் செல்லவில்லை.

1999 ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல்நாள், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஹொட்மெயில் அஞ்சலைப் பயன்படுத்தியோர் பலருக்குத் தம் அஞ்சற் பெட்டியைத் திறக்க முடியவில்லை. அஞ்சற் கணினிகள் பழுதடையவில்லை; கம்பி அறுபடவுமில்லை. ஹொட்மெயிலுக்குள் நுழைவோரை இன்னார் என்று உறுதிப்படுத்தும் வாயில் ‘பாஸ்போர்ட் டொட் கொம்’ என்னும் வேறொரு பெயரில் இருந்தது. அந்தப் பெயரின் 35 டொலர்ப் புதுப்பித்தற் கட்டணம் செலுத்தப்படவில்லை. வீடு இருந்தது, விளக்கும் எரிந்தது. வாயிலின் பெயர் மட்டும் பதிவேட்டிலிருந்து விலக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய கணினி நிறுவனங்களுள் ஒன்று, ஒரு குடும்பம் நல்ல உணவகத்தில் ஒருவேளை உண்ணும் காசு கட்டப்படாமையாற் கைகட்டி நின்றது.

இதன் முடிவு இன்னும் விந்தையானது. தென்னசி மாநிலத்தில் வாழ்ந்த ஒரு கணினி நிரலாளர், அஞ்சல் திறக்காத காரணத்தைத் தாமே துருவி ஆராய்ந்து, கட்டணம் நிலுவையில் இருப்பதைக் கண்டுபிடித்தார். அவர் அந்த நிறுவனத்தின் ஊழியரல்லர். அதனோடு போட்டியிட்ட லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் ஆர்வலர். இருந்தும், நத்தார் தினத்தன்று தமது கடனட்டையால் 35 டொலரைச் செலுத்திவிட்டார். யாருடைய கட்டணத்தையும் யாரும் கட்டலாம் என்றிருந்த காலம் அது. அஞ்சற் பெட்டிகள் மீண்டும் திறந்தன. பின்னர் நிறுவனம் நன்றியோடு 500 டொலர்க் காசோலை ஒன்றை அவருக்கு அனுப்ப, அவர் அக்காசோலையை ஏலத்தில் விட்டு வந்த பணத்தை அறப்பணிக்குக் கொடுத்தார்.

இத்துணை பெரிய பாடம் கற்ற நிறுவனம் மறுபடியும் வழுவாது என்று நினைப்போம். நான்கே ஆண்டுகளில், 2003 இல், பிரித்தானியாவுக்குரிய ஹொட்மெயிற் பெயரின் தவணை தவறியது. இம்முறை அப்பெயர் விடுவிக்கப்பட்டு, வேறொருவர் அதனைத் தம் பெயரிற் பதிந்தும் விட்டார். அவரும் நல்லவராக வாய்த்தமையாற் பெயர் மீண்டது. 2004 பெப்ரவரியில் வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் ஊழியர்களுடைய மின்னஞ்சல் இவ்வாறே நின்றுபோயிற்று. புதுப்பிக்கும்படி வந்த அறிவித்தல் ஒருவரும் கவனியாத ஒரு பெட்டிக்குச் சென்றிருந்தது என்பது பிறகு வெளியாயிற்று. ஊர்ச் செய்தியெல்லாம் தேடித் திரட்டும் பத்திரிகை, தனக்கு வந்த செய்தியைப் பார்க்கவில்லை. 2017 யூலையில் மார்க்கெட்டோ என்னும் வணிக மென்பொருள் நிறுவனம் தன் பெயரை இழந்து நின்றது. அதன் சேவையைக் கொண்டு பிற நிறுவனங்கள் தம் வாடிக்கையாளருக்கு அனுப்பிய மடல்களிலிருந்த இணைப்புகளும் செயலற்றுப் போயின. பெயர் தானாகவே புதுப்பிக்கப்படும்படி ஏற்பாடு இருந்ததாகவும் அந்த ஏற்பாடு பிழைத்துவிட்டதாகவும் நிறுவனத்தார் விளக்கினர். அங்கேயும் பணத்தைக் கட்டி உதவியவர் ஒரு வாடிக்கையாளரே.

இக்கதைகளில் வரும் அயலவரெல்லாம் நல்லவர்களாக இருப்பதால் நாம் மயங்கிவிடக்கூடாது. தவணை தவறும் பெயர்களுக்காகவே காத்திருப்பவர்கள் உளர். நாளுக்கு நாள் விடுபடும் பெயர்களைக் கணினி கொண்டு கண்காணித்து, விடுபட்ட கணத்திலேயே பற்றிக்கொள்வது அவர்களுக்கு ஒரு தொழில். பழைய பெயரில் அவர்களுக்கு என்ன ஆதாயம் என்று கேட்பீர்கள். புதிய பெயருக்கு எவரும் வழி அறியார். பழைய பெயருக்கோ பல ஆண்டுகளாக மக்கள் நடந்த தடம் இருக்கிறது. பிற தளங்கள் அதனைச் சுட்டிக்கொண்டிருக்கும்; தேடுபொறிகள் அதனை நினைவில் வைத்திருக்கும்; கடை மாறியதை அறியாத வாடிக்கையாளர் அங்கேயே வருவர். அந்தத் தடத்திற் சூதாட்ட விளம்பரமும் வைக்கலாம், அதே கடை போலத் தோன்றும் போலிக் கடையும் வைக்கலாம்.

அதனினும் கொடியது அஞ்சலைப் பற்றியது. பெயர் எவர் கைக்குப் போகிறதோ, அப்பெயருக்கு வரும் மின்னஞ்சலும் அவர் கைக்கே போகும். அவுஸ்திரேலியாவில் 2018 இல் கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஒருவர் இதனைச் சோதித்துக் காட்டினார். சட்டத்தரணிகளின் நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணையும்போது, பழைய பெயரை வேண்டாமென்று கைவிடுவது வழக்கம். அவ்வாறு கைவிடப்பட்ட பெயர்கள் சிலவற்றை அவர் முறைப்படி பதிந்துவிட்டுச் சும்மா இருந்தார். கட்சிக்காரரின் ஆவணங்களும் வங்கிகளின் மடல்களும் அவரைத் தேடி வந்தன. பழைய ஊழியர்கள் அந்த முகவரியைக் கொண்டு வேறு தளங்களில் வைத்திருந்த கணக்குகளையும், “கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்” என்ற ஒரு வேண்டுகோளினாலேயே தம்வசமாக்க முடியும் என்பதையும் அவர் வெளிப்படுத்தினார். அவர் பூட்டை உடைக்கவில்லை, சுவரேறிக் குதிக்கவுமில்லை. அந்த நிறுவனங்கள் தேவையில்லை என்று விட்டெறிந்த பெயரினாலேயே கட்சிக்காரரின் இரகசியம் வெளியேறிற்று. தம் கடிதம் யார் கைக்குப் போயிற்று என்பதை அக்கட்சிக்காரர்கள் எவ்வாறு அறிவர்?

பதிவேட்டை நடத்துவோரே தவறிய கதையும் உண்டு. ‘டொட் மொபி’ என முடியும் பெயர்களில் எது எவருடையது என்று வினவுவோருக்கு விடை சொல்லும் கணினி, வேறு முகவரிக்கு மாற்றப்பட்டிருந்தது. அதன் பழைய பெயர் 2023 டிசெம்பரிற் காலாவதியாக விடப்பட்டது. ஆராய்ச்சியாளர் சிலர் 20 டொலருக்கு அதனை எடுத்தனர். ஒரு இலட்சத்து 35 ஆயிரத்துக்கு மேற்பட்ட கணினி அமைப்புகள் அந்தப் பழைய முகவரியிடமே இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தன என்று 2024 செப்டெம்பரில் அவர்கள் அறிவித்தனர்.

இவற்றுக்குக் காப்பு இல்லாமலில்லை. ‘டொட் கொம்’ போன்ற பொதுப் பெயர்கள் தவணை தப்பியவுடன் அழிந்துபோவதில்லை. பதிவாளர் அதனை 45 நாள் வரையில் வைத்திருக்கலாம். நீக்கிய பின்னும், மேலதிகக் கட்டணம் செலுத்தி மீட்பதற்கு 30 நாள் உண்டு. இவ்வசதி 2003 இல் வந்தது. அதன்பின் ஐந்து நாள் எவராலும் தொடமுடியாது கிடந்து, ஆறாம் நாள் எவருக்கும் உரியதாகிறது. நாட்டுப் பெயர்களுக்கு அந்தந்த நாட்டுப் பதிவகத்தின் விதி வேறாக இருக்கும். முடிவுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், முடிந்து ஐந்து நாளுக்குள்ளும் அறிவித்தல் அனுப்ப வேண்டும் என்று பதிவாளர்களை 2013 முதற் கட்டாயப்படுத்தியும் இருக்கிறார்கள். ஆனால், அறிவித்தல் போவது பதிவிற் கொடுத்த முகவரிக்கு. அந்த முகவரி அதே பெயரில் அமைந்த மின்னஞ்சலாக இருந்தால், பெயர் செயலிழந்த பின்னர் வரவேண்டிய அறிவித்தலும் பெயரோடு சேர்ந்தே நின்றுவிடும். இதனை எண்ணிப் பார்க்கும் வணிகர் எத்தனை பேர்?

என் பழைய மாணவர் ஒருவர் பனம்பொருள் வணிகம் செய்கின்றார். கடகம், பெட்டி, பனங்கட்டி முதலியவற்றைப் புலம்பெயர்ந்த நம்மவர்க்கு அனுப்புவதே அவர் தொழில். தளத்தை அமைத்துக் கொடுத்த இளைஞர், பெயரையும் தம் பெயரிலேயே தம் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்திருந்தார். இவருக்கு அது தெரியாது, கேட்கவுமில்லை. இளைஞர் கனடா சென்று, பழைய மின்னஞ்சலைக் கைவிட்டார். இலண்டனிலிருந்து ஒரு மூதாட்டி தொலைபேசியில் அழைத்து, “தம்பி, பனங்கட்டி விற்ற இடத்திலை இப்ப என்ன சூதாட்டம் நடத்துறியள்?” என்று கேட்டபோதுதான் விடயம் வெளிப்பட்டது. மீட்கும் நாட்களெல்லாம் கடந்துவிட்டன. புதிதாகப் பெற்றவர் கேட்ட தொகை இவருடைய ஓராண்டு இலாபத்தை விஞ்சியது. பொதிகளில் ஒட்டும் தாள்களில் அச்சிட்டிருந்த பழைய பெயரை மையால் மறைத்து, வேறொரு பெயரைப் பதிந்து, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தாமே தொலைபேசியிற் சொல்லி வந்தார்.

சென்ற விடுமுறையில் அவருடைய கடைக்குப் போயிருந்தேன். காசுப்பெட்டிக்கு மேலே தொங்கிய நாட்காட்டியில் ஒரு நாளைச் சிவப்பு மையாற் சுற்றி வட்டமிட்டிருந்தார். கோயிற் கொடியேற்றமா என்று கேட்டேன். “இல்லை சேர், பெயர் புதுப்பிக்கிற நாள்” என்றார்.