கொழுப்பா, மாவுச்சத்தா? அரை நூற்றாண்டு வழக்கின் பாடம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

சர்க்கரை நோயாளி இல்லாத வீட்டைத் தேடிக் காண வேண்டிய காலம் இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023இல் கணக்கிட்டது. ஆயினும் உணவைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் நெய்யையும் இறைச்சியையுமே குற்றம் சாட்டுகின்றனர். சோறும் சீனியும் விசாரணையின்றித் தப்பிவிடுகின்றன. இந்த எண்ணத்திற்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு.

1955இல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. இதய நோயைக் குறித்து நாடே கவலை கொண்டது. நிறைவுற்ற கொழுப்பு இரத்தத்தில் கொலஸ்டிராலை உயர்த்தி இதயத்தைப் பாதிக்கிறது என்றார் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்சல் கீஸ். லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கினோ, சீனியே முதன்மைக் காரணம் என வாதிட்டு 1972இல் நூல் எழுதினார். அவருடைய குரல் எடுபடவில்லை.

இதற்கிடையே மறைவில் ஒன்று நடந்திருந்தது. சீனித் தொழில் துறையின் அமைப்பொன்று ஹார்வர்டு ஆய்வாளர்களுக்குப் பணம் அளித்தது. சீனியின் மீதான ஐயத்தைக் குறைத்து, கொழுப்பின் மீது பழியைக் கூட்டும் கட்டுரை 1967இல் வெளிவந்தது. பணம் பெற்ற செய்தி அதில் இல்லை. 2016இல்தான் பழைய ஆவணங்கள் வழியே உண்மை வெளியாயிற்று. சாட்சியத்தை மறைப்பது எத்துணைப் பெரும் பாவம் என்பதைக் குர்ஆன் வழியே அறிந்தவர்கள் நாம்.

1977இல் அமெரிக்க செனட் குழு, கொழுப்பைக் குறைத்துத் தானியம், காய், கனிகளைக் கூட்டுமாறு பரிந்துரைத்தது. சீனியைக் குறைக்கவும் அது சொன்னது. ஆனால் உணவு நிறுவனங்கள் பல, கொழுப்பை எடுத்துவிட்டு அவ்விடத்தில் சீனியையும் தீட்டிய மாவையும் நிரப்பின. வெண்ணெய்க்கு மாற்றாக வந்த செயற்கைக் கொழுப்பிலும், நாம் அறிந்த வனஸ்பதியிலும் இருந்த டிரான்ஸ் கொழுப்பு, வெண்ணெயை விடவும் இதயத்திற்குத் தீயது எனப் பின்னர் தெளிவாயிற்று. இந்தியாவில் 2022 முதல் அதன் அளவு 2 சதவீதத்திற்கு மேற்படலாகாது என்பது சட்டம்.

அப்படியாயின் கீஸ் கூறியது பொய்யா? அன்று. நெய், வெண்ணெய் போன்றவற்றைக் குறைத்து அவ்விடத்தில் தாவர எண்ணெய், கொட்டை வகைகளைச் சேர்த்தால் இதயத்திற்கு நன்மை உண்டு. தீட்டிய மாவையும் சீனியையும் சேர்த்தால் அந்நன்மை கிட்டுவதில்லை. எதை நீக்கினோம் என்பதோடு, எதை வைத்தோம் என்பதும் கேள்வியாகும்.

15,000க்கும் மேற்பட்ட அமெரிக்கரைச் சுமார் 25 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2018இல் வெளியானது. மொத்த ஆற்றலில் பாதியளவை மாவுச்சத்திலிருந்து பெற்றவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. மிகக் கூடியபோதும் மிகக் குறைந்தபோதும் இறப்பு அதிகமாயிற்று.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதைத் திர்மிதீயில் காண்கிறோம். இந்த ஆய்வுகளை அந்த ஹதீஸுக்குச் சான்றாக நிறுத்தத் தேவையில்லை. நம் நபியின் சொல்லுக்கு அது வேண்டியதுமில்லை. ஆயினும் இரண்டும் நினைவூட்டுவது அளவையே.

ஆகவே நெய்ச்சோற்றில் நெய்யைக் குறைத்ததோடு மனநிறைவு அடையாதீர்கள். தட்டில் சோற்றின் அளவையும், இஃப்தாரில் இனிப்புச் சர்பத்தையும் குறையுங்கள். பருப்பு, காய்கறி, மீன் கூடட்டும். மருந்து உண்போர் மருத்துவரின் ஆலோசனையுடன் உணவை மாற்றுக. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணும் நற்பேற்றை அவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.