கற்றல் வடிவமைப்பு: கைப்பேசியில் வரும் பாடம் பிள்ளைக்குப் பதிய என்ன வேண்டும்?

பிறை: தொழிற்பேட்டைகள் நிறைந்த இவ்வட்டாரத்தில் இரவு வேலைக்குச் செல்லும் பெற்றோர் பலர். மாலையில் அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, குடும்பத்தில் இருக்கும் ஒரே திறன்பேசியும் கூடவே போய்விடுவதுண்டு. ஆசிரியர் புலனக் குழுவில் அனுப்பிய பாடக் காணொலி அந்தக் கைப்பேசிக்குள்தான் இருக்கும்.

கோவிட்-19 காலத்தில் இந்தச் சிக்கல் நாடு முழுவதும் வெளிப்பட்டது. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது கல்வி அமைச்சு பெற்றோரிடம் நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. அதன் பிறகு கருவிகள் வழங்குவதில் அரசும் அறவாரியங்களும் கவனம் செலுத்தின. அது தேவையான உதவிதான். ஆனால் கருவி கைக்கு வந்த பிறகும் சில பிள்ளைகள் கற்றார்கள், சிலர் கற்கவில்லை. அது ஏன் என்பதைக் கல்வித் தொழில்நுட்ப ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அவர்களின் துறையே கற்றல் வடிவமைப்பு.

கற்றல் வடிவமைப்பு என்றால் என்ன?

ஒரு பாடத்தை யாருக்கு, எதற்காக, எந்த வரிசையில், எந்தப் பயிற்சியோடு கொடுப்பது என்று முன்கூட்டியே திட்டமிடுவதுதான் கற்றல் வடிவமைப்பு. வீடு கட்டுவதற்கு முன் வரைபடம் போடுவதைப் போன்றது இது.

இத்துறையில் பெரிதும் பயன்படும் முறைக்கு ஐந்து படிகள் உண்டு. முதலாவது பகுப்பாய்வு: மாணவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், வீட்டில் என்ன வசதி உள்ளது என்று பார்ப்பது. இரண்டாவது வடிவமைப்பு: பாட முடிவில் மாணவர் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்வது. மூன்றாவது பாடப்பொருளை உருவாக்குவது. நான்காவது வகுப்பில் நடத்திப் பார்ப்பது. ஐந்தாவது மதிப்பீடு செய்து குறைகளைத் திருத்துவது. 1975-இல் அமெரிக்க இராணுவப் பயிற்சிக்காக ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் வகுத்த முறையிலிருந்து வளர்ந்தது இது.

முதல் படியைத் தவறவிட்டால் மற்ற நான்கும் பயன் தராது. இரவில் கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இரவில் பார்க்கும்படி ஒரு காணொலியை அனுப்பினால், அந்தக் காணொலி எவ்வளவு தரமாக இருந்தாலும் பாடம் சேராது.

பினாங்கின் பங்கு

இத்துறையில் பினாங்குக்கு நீண்ட வரலாறு உண்டு. மலேசியாவில் தொலைநிலைப் பட்டக் கல்வி 1971-இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், அதாவது யுஎஸ்எம்மில், தொடங்கியது. வேலை செய்துகொண்டே படிக்க விரும்பியவர்கள் அஞ்சலில் வந்த அச்சுப் பாடங்களைப் படித்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறை வளாகத்தில் நடந்த தீவிர வகுப்புகளில் கலந்துகொண்டார்கள். பிற்காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியான வகுப்புகளும் காணொலிக் கலந்துரையாடல்களும் சேர்ந்தன.

அந்தத் தொலைநிலைக் கல்விப் பிரிவில் பணியாற்றியவர்களில் ஒருவர் மலேசியத் தமிழரான பேராசிரியர் கஜராஜ் தனராஜன். பின்னர் அவர் ஹாங்காங்கின் திறந்தநிலைக் கல்விக் கழகத்தை வழிநடத்தினார். 1995-இல் கனடாவின் வான்கூவர் வட்டாரத்திலிருந்து இயங்கும் காமன்வெல்த் கற்றல் அமைப்பின் தலைவரானார். நாடு திரும்பிய பின், ஜார்ஜ்டவுனில் அமைந்த வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகப் பொறுப்பேற்றார். அங்கு 2007-இல் முதல் மாணவர்கள் சேர்ந்தனர்.

தென்கிழக்காசிய நாடுகளின் அறிவியல், கணித ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் ரெக்சாம் மையமும் 1967 முதல் பினாங்குத் தீவின் குளுகோரில் இயங்கி வருகிறது.

பள்ளிகளில் நடந்தது என்ன?

நமது பள்ளிகளில் கல்வித் தொழில்நுட்பம் அலை அலையாக வந்துள்ளது. 1972 ஜூன் 19-ஆம் தேதி கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 1997-இல் விவேகப் பள்ளித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1999 முதல் 2002 வரை ஏறக்குறைய 90 பள்ளிகளில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. அப்போது மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய நான்கு பாடங்களுக்கு மின்னியல் பாடப்பொருள்கள் உருவாயின. தமிழ்மொழிப் பாடம் அந்த நான்கில் இல்லை.

2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை வந்தது. ஆசிரியர்களுக்கு மடிக்கணினி, ஒளிபடக் கருவி, ஆங்கிலப் பாடக் குறுவட்டுகள் ஆகியவை தரப்பட்டன. 2009-இல் அக்கொள்கையைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. பாட மொழி மாறியதும் அந்தக் குறுவட்டுகளின் தேவையும் குறைந்தது.

2011-இல் ஏறக்குறைய 10,000 பள்ளிகளுக்கு இணைய வசதியும் மெய்நிகர் கற்றல் தளமும் தரும் ஒன்பெஸ்தாரிநெட் திட்டம் தொடங்கியது. அந்தத் தளத்தைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019-இல் திட்டம் முடிவுக்கு வந்தது. 2020 ஜூன் மாதம் டெலிமா தளம் அறிமுகமானது.

ஒவ்வொரு முறையும் கருவியும் தளமும் முதலில் வந்தன. அவற்றுக்கேற்ற பாடமும் ஆசிரியர் பயிற்சியும் பின்னால்தான் வந்தன.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-இல் ஒரு வாதத்தை முன்வைத்தார். மளிகைச் சாமான் ஏற்றிவரும் லாரி மாறுவதால் நம் உடம்புக்குச் சத்து கூடுவதில்லை. அதுபோலவே, பாடத்தைக் கொண்டுவரும் ஊடகம் மாறுவதால் மட்டும் கற்றல் கூடுவதில்லை என்றார் அவர். இதை மறுத்தவர்களும் உண்டு. ஆயினும் பிற்காலக் கள ஆய்வுகள் பல அவர் எழுப்பிய கேள்வியை வலுப்படுத்தின.

பெரு நாட்டில் 319 கிராமப்புறப் பள்ளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவற்றில் குறிப்பிட்ட பள்ளிகளின் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி என்ற அளவில் கொடுத்துப் பார்த்தனர். 15 மாதங்களுக்குப் பின்னும் கணிதத்திலோ மொழியிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை.

டெல்லியில் 2015-இல் நடந்த ஆய்வு வேறு விதமாக அமைந்தது. நடுநிலைப்பள்ளி மாணவர்களை முதலில் சோதித்தபோது, ஆறாம் வகுப்புப் பிள்ளை கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது தெரிந்தது. ஒவ்வொருவரும் எந்த நிலையில் இருக்கிறாரோ அந்த நிலையிலிருந்து பாடத்தைத் தொடங்கும் மென்பொருளை அவர்களுக்குக் கொடுத்தனர். சிறு குழு வகுப்பும் உடன் நடந்தது. நான்கரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. அங்கும் கணினிதான் பயன்பட்டது. பாடம் பிள்ளையின் நிலைக்கு ஏற்றதாக இருந்ததே வேறுபாடு.

கணினி இல்லாமலும் இது நடக்கும் என்பதற்குத் தமிழ்நாடு சான்று. பள்ளிகள் நீண்ட காலம் மூடியிருந்தபின், 2021-இல் அங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலையில் குடியிருப்புகளிலேயே பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். கிராமப்புறங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது தெரிந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு இத்திட்டத்தால் விளைந்தது.

நல்ல பாடத்தின் அடையாளங்கள்

மனித மனம் ஒரே நேரத்தில் கொஞ்சம் புதிய செய்திகளைத்தான் தாங்கும். ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜான் சுவெல்லர் 1988 முதல் இதனை ‘அறிதல் சுமை’ என்ற கோட்பாடாக விளக்கி வந்துள்ளார். கலிபோர்னியாவின் ரிச்சர்ட் மேயர் பல்லூடகப் பாடங்களை நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளால் ஆராய்ந்தவர். பாடத்தோடு தொடர்பில்லாத இசையும் அலங்காரப் படங்களும் கற்றலைக் குறைக்கும் என்றும், நீண்ட பாடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்தால் நன்கு பதியும் என்றும் அவர் காட்டினார். திரையில் உள்ள எழுத்தை அப்படியே வாய்விட்டு வாசிப்பதைவிட, படத்தைக் காட்டிக் குரலால் விளக்குவது மேல் என்பதும் அவரது முடிவு.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி ஆகிய இருவர் மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தனர். ஒரு குழு அதை நான்கு முறை படித்தது. மற்றொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது முதல் குழுவுக்கு 40 விழுக்காடும், இரண்டாம் குழுவுக்கு 61 விழுக்காடும் நினைவில் இருந்தன. மீண்டும் மீண்டும் படிப்பதைவிடத் தனக்குத் தானே கேள்வி கேட்டுப் பார்ப்பது பலன் தரும். இதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும்.

தமிழ்ப்பள்ளிக்கு மட்டும் உள்ள தேவை

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. இங்கு முதலாம் ஆண்டுப் பிள்ளை தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளைச் சேர்த்தே கற்கத் தொடங்குகிறது. கணினியில் தமிழ் எழுதுவதற்கான அடித்தளத்தை மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருள் வழி அமைத்துவிட்டார். ஆகவே எழுத்துரு இன்று தடையில்லை. நமது பாடத்திட்டத்துக்கு ஏற்ற தமிழ்ப் பாடப்பொருள்தான் குறைவு.

இணையத்தில் கிடைக்கும் தமிழ்நாட்டுக் காணொலிகள் பயன் உள்ளவை. ஆயினும் அங்கே ‘சதவீதம்’ என்பது இங்கே பாடநூலில் ‘விழுக்காடு’. முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிள்ளை இரண்டும் வெவ்வேறு என்று எண்ணக்கூடும். அந்த ஒரு வரி விளக்கத்தைச் சேர்ப்பதும் கற்றல் வடிவமைப்பில் அடங்கும்.

பெற்றோரும் சங்கமும் கேட்க வேண்டியவை

பெற்றோர் ஆசிரியர் சங்கம் பள்ளிக்குக் கருவியோ செயலியோ வாங்கும் முன் சில கேள்விகளைக் கேட்பது நல்லது.

* பிள்ளையின் தற்போதைய நிலையைச் சோதித்து, அங்கிருந்து பாடம் தொடங்குகிறதா?
* இணையம் இல்லாதபோதும் பயன்படுத்த முடியுமா? ஒரு கைப்பேசியை இரு பிள்ளைகள் பகிர முடியுமா?
* காணொலி சில நிமிடங்களில் முடிகிறதா? முடிந்ததும் கேள்வி உண்டா?
* தவறாகப் பதில் சொன்னால் ஏன் தவறு என்று விளக்குகிறதா?
* பாடநூலில் உள்ள தமிழ்ச் சொற்களே வருகின்றனவா?
* ஆசிரியருக்குப் பயிற்சி உண்டா? ஆறு மாதம் கழித்துப் பலனை யார் சோதிப்பார்?

இரவு வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கும் வழி உண்டு. பின்னம் பற்றிய இருபது நிமிடக் காணொலியை ஆசிரியர் நான்கு துண்டுகளாக அனுப்பினால், வேலைக்குப் புறப்படும் முன் ஒரு துண்டைப் பிள்ளையுடன் பார்த்துவிடலாம். அதற்கான மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போகலாம். கைப்பேசி தொழிற்சாலைக்குப் போன பிறகும் தாள் வீட்டில் இருக்கும். காலையில் வந்து விடைகளைப் பார்த்தால், பிள்ளைக்கு எது புரிந்தது, எதை ஆசிரியரிடம் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.