மலையடிவாரத்து மறைவழி: மங்கலத்துப் பாறை

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து இறங்கிய அமெரிக்க மிஷனரிகளை இந்த வாரம் அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தேன். அவர்களுக்கு முன்னால் ஒருவர் வழிமறிக்கிறார். சிலமலை, ராசிங்கபுரம் பக்கமிருந்து உசிலம்பட்டி வழியாக மதுரைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் கருமாத்தூரில் அருளானந்தர் கல்லூரியைப் பார்க்காமல் போக முடியாது. அந்த அருளானந்தர்தான் அவர்.

அவருடைய இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647இல் லிஸ்பனில் பிறந்து, போர்ச்சுகல் இளவரசர் பெத்ருவோடு அரண்மனையில் வளர்ந்தவர். இயேசு சபையில் சேர்ந்து மதுரை மிஷனுக்கு வந்தார். காவி உடுத்தார், புலாலை விட்டார், பண்டார சுவாமியாக மறவர் சீமைக்குள் நடந்தார்.

அந்தச் சீமையை அப்போது ஆண்டவர் ரகுநாத கிழவன் சேதுபதி. தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றி, கோட்டை எழுப்பி, மதுரை நாயக்கரின் பிடியை உதறிய வீரர். 1710இல் அவர் இறந்தபோது மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறியதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அவருடைய வீரத்துக்கு என் வணக்கம் உண்டு. அந்த 47 பேரின் சாவை வீரக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

1686 ஜூலையில் மங்கலம் என்ற ஊரில் சேதுபதியின் தளபதி குமாரப் பிள்ளையிடம் சுவாமி சிக்கினார். உடனிருந்த உபதேசியார்களும் பிடிபட்டார்கள். அடித்தார்கள், கயிற்றில் கட்டிக் குளத்து நீரில் முக்கி முக்கி எடுத்தார்கள். வெயிலில் காய்ந்த கூர்ப்பாறையில் கிடத்தி மேலே ஏறி மிதித்தார்கள். யாரும் விசுவாசத்தை மறுதலிக்கவில்லை. சேதுபதியே கடைசியில் அவரை வரவழைத்துப் பேசி, இனி இங்கே போதிக்கக் கூடாது என்று சொல்லி விடுவித்தார்.

அதன்பின் சபை அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. பழைய விளையாட்டுத் தோழன் பெத்ரு இப்போது மன்னர். இங்கேயே தங்கிவிடு, என் மகனுக்கு ஆசானாக இரு என்கிறார். ஏற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பட்ட பாடு போதாதா? ஆனால் 1690இல் அவர் மீண்டும் கப்பல் ஏறினார்.

வேதசாட்சிகளின் கதையில் எல்லோரும் கடைசி வெட்டைத்தான் பார்க்கிறோம். எனக்கு இந்தக் கப்பல் பெரிது. முதல்முறை வந்தவருக்கு மறவர் சீமை கேள்விப்பட்ட ஊர். இரண்டாம் முறை வந்தவருக்கு அந்தப் பாறையின் சூடு முதுகில் தெரியும். தெரிந்தே வந்தார். கடவுள் துன்பத்தை அனுப்பி மனிதரை வளர்க்கிறார் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாறையில் கிடத்தியது மனிதர்கள் செய்த கொடுமை, வேறொன்றுமில்லை. அந்தப் பாறையில் அவர் கண்டுகொண்டது, தாம் யாருக்காக உயிரோடு இருக்கிறோம் என்பதை. கூடவே அடிபட்ட உபதேசியார்கள் இந்த மண்ணில்தானே இருந்தார்கள்!

திரும்பி வந்தவரிடம், நோயிலிருந்து மீண்ட தடியத் தேவர் என்ற மறவர் தலைவர் 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றார். அரியணைக்கு உரிமை சொல்லக்கூடிய குடும்பம் அவருடையது. முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்ட இளையவள் சேதுபதியின் உறவுப் பெண். நேரே அரண்மனைக்குப் போய் முறையிட்டாள். மேடைப் பிரசங்கங்களில் அவளை, யோவான் ஸ்நானகனைக் கொல்லவைத்த ஏரோதியாளாக்கிவிடுகிறார்கள். ஒரே நாளில் வாழ்விழந்த பெண் வேறு எங்கே போவாள்? கணவரின் மனமாற்றத்துக்கு விலை கொடுத்தவள் அவள். அவளுடைய துன்பத்துக்கும் இந்த வரலாற்றில் இடம் வேண்டும்.

அவள் முறையீட்டின் பேரில் சுவாமியைக் கைது செய்து ஓரியூருக்கு அனுப்பினார்கள். சிறையில் கரியைக் குழைத்து மையாக்கி, மகிழ்ச்சியோடு சாவை எதிர்நோக்குவதாகச் சபையாருக்குக் கடிதம் எழுதினார். 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டது. 1947இல் புனிதர் பட்டம் கிடைத்தது. ஓரியூரின் செம்மண்ணை மக்கள் இன்றும் பக்தியோடு எடுத்துச் செல்கிறார்கள்.

விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற நம் பெண்களிடம், பாடு நல்லது, சகித்துக்கொள் என்று அருளானந்தர் பெயரைச் சொல்லிப் போதிக்க யாருக்கும் உரிமையில்லை. அவர் அடுத்தவர் படும் பாடுகளைப் புகழ்ந்தவரல்லர், அடிபட்டவர்களிடம் திரும்பி வந்தவர். துன்பம் ஒருவரை வளர்த்ததா என்பதற்கு என்னிடம் உள்ள ஒரே அளவுகோல் இதுதான்: அதிலிருந்து மீண்டபின் அவர் யாரைத் தேடிப் போகிறார்?

அமெரிக்கர்கள் அடுத்த வாரம் வருவார்கள்.

(தொடரும்)