சாகும் மானின் வாலைப் பிடித்தவன்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில், டிராகன்ஸ்பர்க் மலையின் காம்பர்க் பகுதியில், கேம் பாஸ் என்ற பாறை ஒதுக்கு இருக்கிறது. அதன் மணற்பாறைச் சுவரில் சான் மக்கள் தீட்டிய ஓவியங்களில் ஈலண்ட் மான்களே அதிகம். செம்பழுப்பும் வெள்ளையும் ஒன்றில் ஒன்று கரையும்படி பூசி, உடலின் திரட்சி தெரிய வரையப்பட்டவை அவை. ஆனால் பார்க்கிறவரை நிறுத்தி வைப்பது ஓரமாக உள்ள ஒரே ஒரு மான்தான். அதன் தலை தாழ்ந்து நம் பக்கம் திரும்பியிருக்கிறது. உடலில் மயிர் சிலிர்த்து நிற்கிறது. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னித் தள்ளாடுகின்றன. அதன் வாலை ஒருவன் பிடித்திருக்கிறான். அவன் கால்களும் மானின் கால்களைப் போலவே குறுக்காகப் பின்னியிருக்கின்றன. பாதம் இருக்க வேண்டிய இடத்தில் குளம்பு. தலையும் மனிதத் தலை அல்ல. 1915இலேயே இந்த ஒதுக்கின் படங்கள் அமெரிக்க அறிவியல் இதழொன்றில் அச்சாகிவிட்டன. உலகம் அவற்றைப் பார்த்தது. பொருள் புரிய இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்துக்குக் காரணம் ஓவியத்தின் புதிர் அல்ல. ஓவியர்களின் இனத்தார் சொல்லி வைத்ததை யாரும் சான்றாக மதிக்கவில்லை என்பதுதான் என்பேன்.

சொல்லி வைத்தது உண்மை. 1870 முதல் கேப் டவுனின் மௌப்ரே பகுதியில், ஜெர்மானிய மொழியறிஞர் வில்ஹெல்ம் பிளீக்கும் அவர் மனைவியின் அக்கா லூசி லாய்டும் சாம் மொழி பேசிய சான் மக்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். பேசியவர்களில் பலர் கைதிகள். துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவர் கட்டும் சிறைக்கூடத்திலிருந்து, ஆடு திருடியது போன்ற குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றிருந்தவர்களை பிளீக் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். காபோ என்ற முதியவர் தண்டனை முடிந்த பிறகும் தம் மக்களின் கதைகள் எழுத்தில் நிற்கட்டும் என்று தங்கிச் சொல்லிக்கொடுத்தார். அப்படிச் சேர்ந்தவை சுமார் 12,000 பக்கங்கள். நிலமும் வேட்டைக் காடும் பறிபோய், குடியேறிகளின் படைகள் துரத்தித் துரத்திக் கொன்ற ஒரு மக்களின் நினைவு, கைதிகளின் வாய்மொழியாகக் காப்பாற்றப்பட்டது. இதை நன்றியோடு மட்டும் அல்ல, வலியோடும்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

அதே காலத்தில், கேப் டவுனுக்கு நெடுந்தொலைவில், இன்று லெசோத்தோ எனப்படும் மலைநாட்டில் இன்னொரு உரையாடல் நடந்தது. 1873 கடைசியில் ஜோசப் ஓர்ப்பன் என்ற நீதிபதி ஒரு படைப் பயணத்தில் அந்த மலைகளைக் கடந்தபோது, குவிங் என்ற இளம் சான் வேட்டைக்காரர் அவருக்கு வழி காட்டினார். போகும் வழியில் ஓவியங்களைக் கண்டபோது ஓர்ப்பன் பொருள் கேட்டார். மான் தலையோடு இருந்த மனித உருவங்களைப் பற்றிக் குவிங் சொன்ன விளக்கம், அவர்கள் இறந்துபோய் ஆறுகளில் வாழும் மனிதர்கள் என்பதையும், ஈலண்டுகள் கெட்டுப்போனபோதே அவர்களும் கெட்டார்கள் என்பதையும், நடனத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது. ஓர்ப்பன் எடுத்த படிகள் கேப் டவுனுக்குப் போயின. பிளீக் அவற்றைத் தம்மோடிருந்த தியாக்வைன் என்ற சாம் மொழிக்காரரிடம் காட்டினார். ஒரு படத்தில் ஆட்கள் பெரிய விலங்கொன்றைக் கயிற்றில் பிடிக்கிறார்கள். குவிங் அதைப் பாம்பு என்றார். தியாக்வைன் மழையைக் கொண்டுவரும் நீர்விலங்கு என்றார். பெயர் வேறு. ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்தே இராத, வெவ்வேறு மொழி பேசிய இருவருமே அது வயிற்றுக்காக ஆடும் வேட்டை அல்ல என்பதில் ஒன்றுபட்டார்கள். 1874இல் ஓர்ப்பனின் கட்டுரை வெளியானபோது, இந்த ஓவியங்கள் பொழுதுபோக்குக் கிறுக்கல் அல்ல, இம்மக்களின் மனத்தை ஆழமாக அசைத்த சமய எண்ணங்களின் வெளிப்பாடு என்று பிளீக் எழுதினார்.

அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அந்த வரிகள் வீணாய்க் கிடந்தன. கண்ணை மட்டும் நம்பியவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு நமீபியாவின் பிராண்ட்பர்க் மலை ஓவியம் சாட்சி. வெளிறிய கால்களோடு நடந்துபோகும் ஓர் உருவத்தைப் பார்த்து, பிரெஞ்சு அறிஞர் அபே புரூயி அதை மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த பெண் என்று தீர்ப்பு எழுதி, 'வெள்ளைச் சீமாட்டி' என்று பெயரிட்டு 1955இல் பெரிய நூலே வெளியிட்டார். அந்த உருவம் ஆண். கையில் வில் இருக்கிறது. சுற்றியிருப்பவை சான் ஓவியங்களுக்கே உரிய உருவங்கள். ஆப்பிரிக்கர் இவ்வளவு நேர்த்தியாக வரைந்திருக்க முடியாது என்ற முன்முடிவே அவர் கண்ணை வழிநடத்தியது. மற்றவர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனாலும் வேட்டை மந்திரம், நாட்குறிப்பு, அழகுக்காக அழகு என்று தங்கள் ஊரில் கற்றதையே பாறையில் ஒட்டினார்கள்.

1970களில் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் பிளீக்கும் லாய்டும் எழுதிய அந்தப் பழைய நோட்டுகளைத் திறந்து, கலகாரியில் இன்றும் வாழும் சான் மக்களின் குணமாக்கும் நடனத்தைப் பற்றி லோர்னா மார்ஷல், மீகன் பீஸலி போன்றோர் எழுதியதோடு சேர்த்துப் படித்தார். பெண்கள் கைதட்டிப் பாட, ஆண்கள் நெருப்பைச் சுற்றி இரவெல்லாம் ஆடுகிறார்கள். மருத்துவன் மேல் ஆற்றல் ஏறும்போது உடல் நடுங்குகிறது, வியர்க்கிறது, வயிறு இறுகி முன்னால் வளைகிறான், தள்ளாடி விழுகிறான். அந்த நிலையை அவர்கள் சாவு என்றே சொல்கிறார்கள். நஞ்சம்பு பட்ட ஈலண்டும் அப்படித்தான் நடுங்கும், வியர்க்கும், தலை தாழும், மயிர் சிலிர்க்கும், கால் பின்னும். கேம் பாஸ் ஓவியன் இந்த இரண்டு சாவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் அடையாளங்களை மற்றொன்றில் ஏற்றியிருக்கிறான். மானின் வாலைப் பிடித்தவன் அதன் ஆற்றலைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறான். அதனால்தான் அவனுக்கும் குளம்பு, அவனுக்கும் பின்னிய கால்.

இது வெறும் வேட்டைக் காட்சியாக ஏன் இருக்கக் கூடாது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாகும் மானை அவ்வளவு நுட்பமாக வரைய வேட்டைக்காரனுக்குத்தான் தெரியும். ஆனால் வேட்டைக்காரன் குளம்போடு பிறப்பதில்லை. மேலும், சாப்பாட்டுக்காக வரைந்திருந்தால் கிடைத்ததை எல்லாம் வரைந்திருப்பார்கள். வில்டபீஸ்ட் அங்கே வரையப்படுவது மிக அரிது. ஈலண்டோ சுவர் சுவராக நிற்கிறது. டிராகன்ஸ்பர்க் ஓவியங்களை எண்ணி ஆராய்ந்த பாட்ரிசியா வின்னிகோம், 1976இல் வந்த தம் நூலுக்கே 'ஈலண்டின் மக்கள்' என்று பெயர் வைத்தார். சிறுவனின் முதல் வேட்டைச் சடங்கு, பெண் பூப்பெய்தும் சடங்கு, திருமணம், நடனம் எல்லாவற்றிலும் ஈலண்டின் கொழுப்பும் ஆற்றலும் வருகின்றன. லெசோத்தோவில் 1930இல், தாம் இளமையில் சான் உறவினரிடம் கற்ற ஓவிய முறையைச் செய்துகாட்டிய மாபோத்தே என்ற முதியவர், வண்ணத்தில் கலக்கப் புதிதாய்க் கொன்ற ஈலண்டின் ரத்தம்தான் வேண்டும் என்று கேட்டார். வண்ணத்திலேயே மான் கலந்திருந்தால், வரைவதும் சடங்கின் ஒரு பகுதிதான்.

இதைவிட வலுவான மறுப்பு இன்னொன்று. கலகாரியும் டிராகன்ஸ்பர்க்கும் ஒன்றுக்கொன்று வெகுதூரம், மொழிகளும் வேறு. 19ஆம் நூற்றாண்டில் சொன்னதைக் கொண்டு, எத்தனையோ தலைமுறைக்கு முந்தைய ஓவியத்தை விளக்கலாமா? 2017இல் வெளியான நேரடிக் கரிமக் கணிப்புகள், இந்த மலைப்பகுதி ஓவியங்கள் சிலவற்றின் வயதை ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் என்று காட்டின. மூவாயிரம் ஆண்டும் ஒரே நம்பிக்கை மாறாமல் இருந்தது என்று நானும் சொல்லமாட்டேன். குதிரையேறித் துப்பாக்கி ஏந்தியவர்கள் வந்தபோது ஓவியர்கள் அவர்களையும் வரைந்தார்கள். அது உறைந்துபோன மரபு அல்ல. ஆனால் ஈலண்ட் சார்ந்த சடங்குகள் தெற்கின் சாம் மக்களிடமும் வடக்கின் கலகாரி மக்களிடமும் விவரம் விவரமாக ஒத்துப்போகின்றன என்பதை லூயிஸ்-வில்லியம்ஸும் பீஸலியும் 1978இல் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுக் காட்டினார்கள். மொழி பிரிந்த பின்னும் தங்கிய நம்பிக்கை பழையதாகவே இருக்க வேண்டும். தவிர, இங்கே ஓவியமே சாட்சி சொல்கிறது. பின்னிய கால்களை இருவருக்கும் ஒன்றாய்ப் போட்டது ஓவியனின் கை. அதை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்றவில்லை.

ஆனால் இந்த விளக்கத்தை எல்லாப் பாறைக்கும் சாவியாக்குவது எனக்கு ஒப்பாது. புள்ளியும் கோடும் எல்லாம் மயக்க நிலையில் மூளை காட்டும் ஒளிக்கோலங்கள் என்ற கோட்பாடு, சான் மக்களின் சொல்லை விட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுகிறது. ஆன் சாலமன் என்ற ஆய்வாளர், மான்தலை உருவங்கள் மயக்கத்தில் இருக்கும் மருத்துவர்கள் அல்ல, இறந்தோரின் ஆவிகள் என்று வாதிடுகிறார். குவிங் முதலில் சொன்னதே இறந்தவர்கள் என்றுதானே! நடனச் சாவையும் உண்மைச் சாவையும் குவிங் ஒரே மூச்சில் சொல்லியிருக்க, நாம் ஏன் ஒன்றை வெட்டி எறிய வேண்டும்? கேம் பாஸ் உருவத்துக்கு நடன விளக்கம் மிகப் பொருந்துகிறது. வேறு சுவர்களில் ஆவிகள் என்ற விளக்கமே பொருந்தலாம். சகாராவின் தசிலி மலையில் உள்ள வட்டத்தலை உருவங்களுக்கோ ஒரு குவிங்கும் இல்லை, ஒரு தியாக்வைனும் இல்லை. அங்கே அடக்கமே அறிவு.

காம்பர்க் பக்கம் தம்மை சான் வழித்தோன்றல்கள் என்று சொல்லும் தூமா குடும்பத்தார் இன்றும் வாழ்கிறார்கள். கேம் பாஸ் ஒதுக்கில் முன்னோருக்காகச் சடங்கு செய்கிறார்கள். அவர்கள் பேசுவது சூலு மொழி; பல நூற்றாண்டுக் கலப்பும் இடப்பெயர்வும் அவர்கள் வழக்கத்தில் படிந்திருக்கின்றன. அதனால் அவர்களின் சடங்கு பழைய ஓவியத்தை விளக்கும் சான்றாகாது என்று ஒதுக்குவோர் உண்டு. விளக்கச் சான்று என்ற அளவில் அந்த எச்சரிக்கை சரி. ஆனால் அந்தச் சுவரைப் பூட்டுவது, காட்டுவது, பாதுகாப்பது பற்றி முடிவெடுக்கும்போது அவர்களை முதலில் கேட்க வேண்டும். 1874இல் அச்சேறிய வார்த்தைகளுக்கு நேர்ந்த புறக்கணிப்பு அவர்களுக்கும் நேரக் கூடாது.