சைபீரியக் கொக்கு: கூடுகட்டும் நிலம் இருந்தும் திரும்பாத பறவை

நமது வயல்களிலும் குளங்களிலும் நாம் கொக்கு என்று அழைக்கும் பறவைகள் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. ‘கிரேன்’ எனப்படும் பெருங்கொக்குகள் இலங்கையில் கூடுகட்டுவதில்லை. அவற்றுள் அழிவின் விளிம்பில் நிற்கும் சைபீரியக் கொக்கு, ரஷ்யாவின் வடபகுதி ஈரநிலங்களில் மட்டுமே முட்டையிடுகிறது.

அங்கு மே மாத இறுதியில் பனி உருகியதும், ஆழமற்ற நன்னீர்ச் சதுப்பில் கோரைப்புல்லைக் குவித்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு சோடி கூடு அமைக்கும். எதிரி வருவது தூரத்திலேயே தெரிவதற்குத் திறந்த வெளி வேண்டும். நரி நெருங்காமலிருக்கச் சுற்றிலும் நீர் வேண்டும். பொதுவாக இரண்டு முட்டைகள். ஏறக்குறைய 29 நாட்கள் அடைகாப்பு. பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் பிழைக்கும். இலையுதிர் காலத்தில் அது பெற்றோருடன் பறந்து, தெற்கே செல்லும் வழியைப் பழகிக்கொள்ளும்.

மேற்கு சைபீரியாவில் ஓப் ஆற்றுப் படுகையில் கூடுகட்டிய ஒரு கூட்டம், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவின் பரத்பூருக்கு வந்து குளிர்காலத்தைக் கழித்தது. 1960களில் அங்கு சுமார் 200 பறவைகள் காணப்பட்டன. வழிநெடுக நடந்த வேட்டையே அவற்றின் வீழ்ச்சிக்கு முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது. பறவைகள் இறங்கி இளைப்பாறிய ஆப்கானிஸ்தானின் ஆபி இஸ்தாதா ஏரி 1970களில் சரணாலயமாக்கப்பட்டது. பின்னர் வந்த நீண்ட போரில் அதைக் காக்க ஆளில்லாமல் போனது. 2001–2002 குளிர்காலத்தில் வந்த சோடியே பரத்பூர் கண்ட கடைசிச் சோடி.

ஓப் ஆற்றின் சதுப்பு இன்னும் இருக்கிறது. அங்கிருந்து பரத்பூருக்கு வழிகாட்டப் பழைய பறவைகள்தான் இல்லை. மனிதர் வளர்த்த குஞ்சுகளைச் சிறு பறப்புக் கருவிகளின் பின்னால் பறக்கப் பழக்கும் முயற்சி 2012இல் நடந்தது. அழிந்த கூட்டம் மீளவில்லை. மேற்குக் கூட்டத்தில் எஞ்சிய ஓர் ஆண் பறவை பல ஆண்டுகள் தனியாகவே ஈரானின் பெரிதுன்கெனாருக்கு வந்துபோனது. அங்குள்ளவர்கள் அதற்கு ‘ஓமித்’, அதாவது நம்பிக்கை, என்று பெயரிட்டார்கள்.

இன்று உயிரோடுள்ள சைபீரியக் கொக்குகள் ஏறக்குறைய அனைத்தும் யாக்கூத்தியாவின் துந்திராவில் கூடுகட்டி, சீனாவின் போயாங் ஏரியில் குளிர்காலத்தைக் கழிப்பவை. துந்திராவைப் பாதுகாத்தாலும் போயாங்கிலும் வழியிலுள்ள நீர்நிலைகளிலும் இரை இல்லாமற்போனால், வடக்கே கூடுகள் வெறுமையாகும். ஓப் ஆற்றங்கரையில் நடந்தது அதுதான்: கூடுகட்டும் நிலம் மிஞ்சியது, பாதை அழிந்தது.